பத்தொன்பது பேர் எழுதிய ஒரே வரி

வாடிப்பட்டி
8.7.2025

மருமகள் பாண்டிமீனாவுக்கு மாமா சோணைமுத்து எழுதிக்கொள்வது.

நான்தான் எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. ஞானம் டீச்சர் பக்கத்தில்கூட இல்லை, வீட்டுக்குப் போய்விட்டார். இந்த இடம் வரைக்கும் எழுதுவதற்குள் ஒரு டம்ளர் டீ ஆறிப்போய்விட்டது. பரவாயில்லை.

அறுபத்தெட்டு வயது வரைக்கும் நான் கைநாட்டு. மார்ச் மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று தெரியாது. பஸ்ஸில் சமயநல்லூர் என்று போர்டு இருந்தால் அது சமயநல்லூர்தான். நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நேற்று உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தை முழுவதும் படித்தேன். உப்புக்கு இவ்வளவு கதை இருக்கிறது என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

மகன் அருள்பாண்டி லாரியை எடுத்துக்கொண்டு நாக்பூர் போகும் முன், நீ வேலை பார்க்கிற ஆப்பில் உன் பக்கத்தை என் போனில் எடுத்துக் கொடுத்தான். நீல சட்டை போட்டு, கையில் டெஸ்டரோடு நிற்கிறாய். கீழே உன்னிடம் வேலை வாங்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ‘வாஷிங் மிஷின் ஆட்டம் நின்றது. வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்.’ இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவரும் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் வீட்டுத் தரையை நான் பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று நாற்பது பேர் எழுதியதைப் படித்து முடித்தேன்.

நாற்பத்தோராவது ஆள் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தான். ‘இரண்டு மணி நேரம் தாமதம்.’ எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தேதியைப் பார்த்தேன். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம். அந்தக் கூட்டத்தில் பாலத்தைத் தாண்டி யார் நேரத்துக்கு வருவார்கள்?

வகுப்பில் சொன்னேன். மே மாதம் நீ வந்து பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்து மிக்சியும் கிரைண்டரும் பழுது பார்த்துக் கொடுத்ததை யாரும் மறக்கவில்லை. ஒச்சம்மாள் எழுந்துவிட்டாள்.

“நம்ம புள்ளைய எவன்யா அப்படி எழுதுனது? நாம பத்தொம்பது பேரு எழுதுனா அவன் எழுதுனது எங்கிட்டுக் கெடக்கும்?”

அதனால் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம். என்னவென்று சொல்ல மாட்டேன். போனைத் திறந்து பார்.

இந்தக் கவருக்குள் இன்னொரு கவர் இருக்கிறது. அதன் மேல் என் முகவரியை நானே எழுதியிருக்கிறேன். போனில் பேசாதே, பதில் எழுது. என் பெயருக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. தபால்காரர் சிவபாண்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமா
சோணைமுத்து


மதுரை, ஆரப்பாளையம்
16.7.2025

மாமாவுக்கு,

கடிதம் கேட்டீர்கள், எழுதுகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் என் பக்கம் முடக்கப்பட்டுவிட்டது. ‘இந்தப் பக்கத்தில் பொய்யான கருத்துகள் பதியப்பட்டதாகச் சந்தேகம் உள்ளது’ என்று என் படத்துக்கு மேலேயே சிவப்புப் பட்டை. புது வேலை எதுவும் வராது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நாலு வேலைகளை மட்டும் முடிக்கலாம். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் நான் கொடுக்கும் விளக்கத்தை அவர்கள் ஏற்காவிட்டால் பக்கத்தை நிரந்தரமாக மூடிவிடுவார்கள்.

நீங்கள் செய்த நல்ல காரியம் இதுதான். பத்தொன்பது பேர் பெயரில் ஒரே வரி. ‘பாண்டிமீனா நம்பிக்கையான ஆள், வேலை சுத்தம், எல்லோரும் கூப்பிடுங்கள்.’ ஒரு எழுத்து மாறவில்லை. ஒரே ஊர், இரண்டே சாயங்காலம், மூன்றே போன். மாமா, அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கிற ஆள் கிடையாது. கம்ப்யூட்டர்தான் பார்க்கிறது. ஒரே ஆள் பத்தொன்பது முகமூடி மாட்டிக்கொண்டு வந்து போனதுபோல அதற்குத் தெரியும். கூலிக்கு ஆள் வைத்துப் புகழ் எழுதுகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் அது இருக்கிறது.

மிச்சமிருந்த நாலில் ஒன்று எஸ்.எஸ். காலனியில். கதவைத் திறந்த அம்மா கையில் போன் வைத்திருந்தார்.

“ஏம்மா, ஒங்க படத்துக்கு மேல செவப்பா என்னமோ போட்டுருக்கே?”

“ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. சரியாயிரும்.”

“அப்ப சரியானதும் வாங்களேன்.”

கதவைச் சாத்திவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதற்கு அவருக்கு வேறு என்ன பிடிமானம் இருக்கிறது?

அந்த இரண்டு நட்சத்திரக்காரர் எழுதியது நியாயம். நான் தாமதமாகத்தான் போனேன். போன் செய்து சொல்லவும் இல்லை. அதற்குக் கீழே மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன், அதை நீங்கள் படிக்கவில்லை. அதைப் படித்துவிட்டே என்னைக் கூப்பிட்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறைகூட இல்லாத பக்கத்தைப் பார்த்தால் நானே சந்தேகப்படுவேன்.

யார் செய்யச் சொன்னது என்று கேட்கவில்லை. தெரியும்.

பதில் கவர் எதுவும் இதில் வைக்கவில்லை.

பாண்டிமீனா


வாடிப்பட்டி
22.7.2025

மருமகள் பாண்டிமீனாவுக்கு,

நீ கவர் வைக்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த அன்று சிவபாண்டி தெருமுனையிலிருந்தே, “சோணைமுத்து மாமாவுக்கு லெட்டரேய்!” என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். ‘மாமாவுக்கு’ என்று படித்தேன். கை தட்டினார்கள். ‘கடிதம் கேட்டீர்கள்’ என்று படித்தேன். ‘போனில் பேசினால்’ என்பதற்கு அடுத்த வார்த்தையைக் கண்ணால் பார்த்துவிட்டேன். வாய் நின்றுவிட்டது. கண்ணாடி சரியில்லை, வீட்டில் போய்ப் படிக்கிறேன் என்று சொன்னேன். படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நன்றாக இருந்திருக்கும் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரத்தில்தான் முழுதும் புரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். சமாதானத்துக்காக இல்லை. வரியை நான்தான் சொன்னேன். டீச்சர் போர்டில் எழுதினார். அது எதற்கென்று அவருக்குத் தெரியாது, எழுதிப் பழகத்தான் கேட்கிறோம் என்று நினைத்தார். நாங்கள் எல்லாவற்றையும் போர்டைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். போர்டில் இருப்பதில் ஒரு புள்ளி குறைந்தாலும் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். பார்த்தபடியே எழுதுகிறவர்தான் நல்ல மாணவர். அதனால் போனிலும் அப்படியே எழுதினோம். பேரன் பேத்திகளின் நம்பர்களை வாங்கிக்கொண்டோம். மலைச்சாமி ஒருவருக்கே முக்கால் மணி நேரம் ஆனது. பத்தொன்பது பேரும் தப்பில்லாமல் எழுதியதற்கு அன்றைக்கு நாங்கள் மிக்சர் வாங்கிச் சாப்பிட்டோம். தப்பில்லாமல் எழுதியதே தப்பு என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மதுரைக்கு வந்தேன். கம்பெனிக்காரர்களைப் பார்த்து, குற்றம் என்னுடையது என்று சொல்லலாம் என்று வந்தேன். காளவாசலில் உன்னுடையது மாதிரி நீல சட்டை போட்ட இரண்டு பேர் நின்றார்கள்.

“தம்பி, ஒங்க ஆபீஸ் எங்கிட்டு இருக்கு?”

“ஆபீஸ் போனுக்குள்ளதான் இருக்கு, பெரியவரே.”

“சரி, உள்ள யாரு இருக்கா?”

“யாருக்குத் தெரியும்? நாங்களே பாத்ததில்ல.”

“பாக்காத ஆளுகிட்ட எப்படிய்யா வேல பாக்குறீக?”

“அவரும் எங்களப் பாத்ததில்லயே! அதான் நட்சத்திரம் வச்சிருக்காரு. கொறைஞ்சா அன்னைக்கே தூக்கிருவாரு.”

அவர்களில் ஒருவன் டீ வாங்கித் தந்தான், நல்ல பையன்.

அங்கிருந்து உன் தெருவுக்கு வந்தேன். மணி பதினொன்று. உன் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. டூல்ஸ் பை அதன் மேலேயே இருந்தது. அந்த நேரத்தில் நீ ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. அதைப் பார்த்த பிறகு மாடி ஏறவில்லை. திரும்பிவிட்டேன்.

போனுக்குள் இருக்கிறவருக்கு என்ன வேண்டும்? எழுது. நான் செய்கிறேன்.

சோணைமுத்து


மதுரை, ஆரப்பாளையம்
26.7.2025

மாமாவுக்கு,

நீங்கள் வந்துவிட்டுப் போனதைப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார். “ஒங்க மாமனாரு ஸ்கூட்டரவே பாத்துக்கிட்டு நின்னாரு அக்கா, திருடப் போறாரோன்னு பயந்துட்டேன்” என்றார். மேலே வந்திருக்கலாம். கத்தியிருப்பேன், ஆனால் சோறும் போட்டிருப்பேன்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். ஒரு படிவம் இருக்கிறது. கருத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் நான் உண்மையிலேயே வேலை செய்தேனா என்று கேட்கிறார்கள். ஆதாரம் இணைக்கலாம்.

அதே ஆப்பில் ஏசி வேலை பார்க்கிற பெனடிக்ட் தம்பியிடம் கேட்டேன். “பத்தொம்பது பேரும் கஸ்டமருன்னு அடிச்சு விடுக்கா. ஆளாளுக்கு ஒரு தாள்ல எழுதி வாங்கிப் போட்டா முடிஞ்சது” என்றான்.

மே மாதம் நான் பதினோரு பேருக்குத்தான் வேலை செய்தேன். மீதி எட்டுப் பேரும் செய்ததாகவே எழுதித் தரட்டும். ஆளுக்கொரு விதமாக, அவரவர் கையெழுத்தில். ஒருவர் மிக்சி, ஒருவர் ஃபேன், ஒருவர் அயர்ன் பாக்ஸ். போர்டைப் பார்த்து வேண்டாம். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

இப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் எனக்கு வேண்டும் மாமா. முதல் வருடம் நான் போன வீடுகளில் என்னைப் பார்த்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். “மெக்கானிக் வரலையா, நீங்க மட்டுந்தானா?” என்பார்கள். சில வீடுகளில் நான் வேலை முடிக்கும் வரை பக்கத்து வீட்டு ஆண் யாரையாவது கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். இப்போது நாலு வருடத்தில் அறுநூறு வீடுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் கதவைத் திறந்தார். அவர் எழுதியதைப் பார்த்து அதற்கடுத்தவர். அது போனால் வேறு ஆப்பில் சேரலாம், ஆனால் ஒன்றையும் அங்கே எடுத்துப் போக முடியாது. மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இல்லை.

இந்த ஒன்றை மட்டும் எனக்குச் செய்து கொடுங்கள். பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் கூப்பிட வேண்டாம், எழுதுங்கள். உங்கள் எழுத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது.

பாண்டிமீனா


வாடிப்பட்டி
2.8.2025

பாண்டிமீனாவுக்கு,

இந்தக் கவர் கனமாக இருக்கும். உள்ளே பத்தொன்பது தாள்கள் இருக்கின்றன. பிரிப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முதலில் படி, தாயி. நீ கேட்டதை நான் செய்யவில்லை.

செய்யத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை வகுப்பில் டீச்சரிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தாள் கொடுத்தேன். அந்த எட்டுப் பேரில் என்னைத் தவிர ஏழு பேரையும் தனியாக உட்கார வைத்தேன். “லாசரு, நீ ஃபேனுன்னு எழுது. மலைச்சாமி, நீ மிக்சி” என்று பிரித்துக் கொடுத்தேன்.

லாசர் எழுதாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டு ஃபேனு என் மச்சான் மாட்டுனதுய்யா. நான் என்னத்த எழுத?”

ஒச்சம்மாள் கத்தினாள். “அட எழுதுய்யா! அந்தப் புள்ள பொழப்பு போகுதுங்குறாக, இவரு ஃபேனுக்கு வம்சம் பாக்குறாரு.”

“அதுக்கில்ல ஒச்சம்மா. அறுவது வருசம் பெருவெரல வச்சேன். எவனெவனோ எழுதுன தாள்ல, என்ன எழுதிருக்குன்னே தெரியாம வச்சேன். அது என் பொய்யில்ல. இப்பத்தான் கையெழுத்துப் போடக் கத்திருக்கேன். படிச்சுப் பாத்துப் போடுற மொதக் கையெழுத்தையே பொய்யிலயா போடணும்?”

ஒச்சம்மாள் பென்சிலைக் கீழே வைத்தாள். எனக்கு லாசர்மேல் கோபம்தான் வந்தது. எழுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு எழுதத் தெரிந்த நாளில் நான் எவ்வளவு துள்ளினேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும். அதை எப்படிக் கெடுப்பது?

ஞானம் டீச்சர் போர்டை முழுவதும் அழித்தார். “இன்னைக்குப் போர்டு கெடையாது. அவங்கவங்களுக்கு நடந்தத மட்டும் எழுதுங்க” என்றார்.

இவ்வளவு நாளில் அதுதான் கஷ்டமான பாடம். பார்த்து எழுத ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் வேர்த்துப் போனார்கள். மூன்று நாள் ஆனது.

பதினோரு பேர் நீ செய்த வேலையை எழுதியிருக்கிறார்கள். மற்ற ஏழு பேரும், எட்டாவது ஆளாக நானும், நீ எங்களுக்கு ஒரு வேலையும் செய்யவில்லை, போர்டைப் பார்த்து எழுதினோம் என்று எழுதியிருக்கிறோம். மலைச்சாமி, ‘என்னிடம் மிக்சி கிடையாது. மாடு இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். மாட்டைப் பற்றி எதற்கு என்று கேட்டேன். அதுதான் உண்மை என்றார்.

இன்னொன்று. ஒச்சம்மாள் தாளைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். ‘சட்னி அரைபடுகிறது. ஆனால் கிர்ர் என்று சத்தம் வருகிறது, பேரன் முழித்துக்கொள்கிறான். மூன்று நட்சத்திரம்.’ கெஞ்சிப் பார்த்தேன். “நடந்தத எழுதுன்னு நீதான சொன்ன?” என்று தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

என் தாளில் எல்லாம் என் ஏற்பாடு, உனக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன்.

உன் பக்கம் போய்விட்டால் அதற்குக் காரணம் நான்தான். முதல் தடவை புரியாமல் செய்தேன். இந்தத் தடவை புரிந்தே செய்கிறேன். அனுப்புவதும் கிழித்துப் போடுவதும் உன் கையில்.

சோணைமுத்து


மதுரை, ஆரப்பாளையம்
11.8.2025

மாமாவுக்கு,

அனுப்பிவிட்டேன்.

உங்கள் கவரைப் படித்துவிட்டு ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டினேன். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. உங்கள்மேல் வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. உதவி கேட்ட இடத்தில் எல்லோரும் உத்தமர் ஆகிவிட்டீர்கள் என்று அழுதேன்.

பெனடிக்ட் தாள்களைப் பார்த்துச் சிரித்தான். “மாடு இருக்குன்னு எழுதுன தாளையா அக்கா கம்பெனிக்கு அனுப்பப் போற?” என்றான். எட்டுத் தாள்களைத் தானே வேறு வேறு கையெழுத்தில் எழுதித் தருவதாகச் சொன்னான். எழுதியும் கொடுத்தான். ரொம்ப நன்றாக இருந்தன. ஐந்து நட்சத்திரம், அழகான எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாகப் பரப்பி வைத்தேன். உங்கள் தாள்களில் அழித்து அழித்துக் காகிதம் கிழிந்திருந்தது. லாசர் மாமா கையெழுத்து மூன்று வரி இறங்கிப் போயிருந்தது. யார் பார்த்தாலும் எது நிஜம் என்று தெரியும். நான் மெக்கானிக் மாமா. டூப்ளிகேட் பார்ட் கையில் எடுத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அதை மாட்டிவிட்டு வர எனக்கு மனசு வராது.

நேற்று சாயங்காலம், கடைசி நாளில், பத்தொன்பதையும் படமெடுத்து அனுப்பினேன். பதினோரு பேருக்கு வேலை செய்தேன், எட்டுப் பேருக்குச் செய்யவில்லை என்று எழுதினேன். இனி என்ன நடக்குமோ தெரியாது.

ஒச்சம்மாள் அத்தையிடம் சொல்லுங்கள். அது பேரிங் தேய்ந்த சத்தம். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது, நேரமில்லை என்று விட்டுவிட்டேன். மூன்று நட்சத்திரம் சரிதான்.

பாண்டிமீனா


மதுரை, ஆரப்பாளையம்
23.8.2025

மாமா,

வந்துவிட்டது! பக்கம் திரும்ப வந்துவிட்டது!

போன் செய்யத்தான் கை போனது. பிறகு, முதலில் கடிதமாக வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். அருள்பாண்டிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. இதைச் சத்தமாகவே படிக்கலாம், எத்தனை பேர் கூடினாலும் சரி.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். தமிழ்வாணி என்று பெயர் சொன்னாள். போனுக்குள் ஆள் இருக்கிறது மாமா! கம்ப்யூட்டர் நிறுத்தி வைத்ததை எடுத்துப் பார்ப்பது அவள் வேலையாம்.

“அக்கா, ஒரு நாளைக்கு எங்களுக்கு நூறு விளக்கம் வரும். எல்லாருமே, எழுதுனவங்க அத்தனை பேரும் நெசமான கஸ்டமருன்னுதான் சொல்லுவாங்க. எட்டுப் பேரு பொய்யின்னு தானே ஒத்துக்கிட்டு வந்தது இதான் மொதத் தடவ. அந்த மாட்டுக்காரத் தாத்தா தாளப் படிச்சிட்டு ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனேன்” என்றாள். பிறகு, “எட்டு பொய்யின்னு சொன்னதாலதான் மத்த பதினொண்ண நம்ப முடிஞ்சது. அதுலயும் ஒரு அம்மா மிக்சி சத்தம் போடுதுன்னு திட்டியிருக்காங்க பாருங்க” என்று சிரித்தாள்.

பழைய பத்தொன்பதையும் நீக்கிவிட்டார்கள். வேலை வாங்கிய பதினோரு பேரும் விரும்பினால் அவரவர் நம்பரிலிருந்து, அவரவர் வார்த்தையில் எழுதலாம். நீங்கள் எப்போதுமே எழுதக் கூடாதாம். குடும்பத்தார் எழுதினால் எடுத்துவிடுவார்களாம்.

நேற்று முதல் வேலை, திருப்பாலையில் ஒரு வாஷிங் மிஷின். மணி அடித்தேன். ஒரு தாத்தா கதவைத் திறந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உள்ள வாம்மா, மிஷின் பின்னாடி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

நாளைக்கு வாரேன். பேரிங் வாங்கி வைத்துவிட்டேன். கடிதம் என்னை முந்துகிறதா பார்ப்போம்.

மீனா


வாடிப்பட்டி
27.8.2025

மருமகள் மீனாவுக்கு,

நீ வந்துவிட்டுப் போன மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. தெரிந்த சேதிதான். இருந்தாலும் சிவபாண்டியை நிற்க வைத்து, கூட்டம் சேரும் வரை காத்திருந்து, முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் படித்தேன். மலைச்சாமி, மாட்டுக்காரத் தாத்தா வருகிற இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். லாசர் என் தோளில் கை வைத்தார். ஒச்சம்மாள் வீட்டில் மிக்சி இப்போது சத்தம் போடுவதில்லை. ஆனால் அவளுக்குத் தானே சொந்தமாக எழுத வேண்டுமாம், இன்னும் ஒரு வாரம் ஆகும் என்கிறாள்.

ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காதவன் இரண்டு நாளாக மத்தியானத்திலும் தூங்குகிறேன்.

குடும்பத்தார் எழுதக் கூடாது என்பது நல்ல சட்டம். அது சரிதான். ஆனால் இந்தத் தாளில் எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டபோது சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகி வந்த வருடம் நடவு நேரத்தில் கிணற்று மோட்டார் நின்றுபோனது. அருள்பாண்டி ஊரில் இல்லை. நீ ஐ.டி.ஐ.யில் படித்தவள் என்று தெரிந்தும் நான் உன்னைக் கேட்கவில்லை. நீயாகவே இறங்கினாய். பொழுது சாயும்போது தண்ணீர் வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் யார் சரி பண்ணினது என்று கேட்டார்கள். மருமகள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அருள்பாண்டி காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனான் என்று சொன்னேன். நீ கையில் கிரீஸோடு பக்கத்தில்தான் நின்றாய். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையைக் கழுவப் போய்விட்டாய். அன்றைக்கு நீ சம்பாதித்த பெயரை எடுத்து என் மகனுக்குக் கொடுத்தவன் நான். நீ மதுரையில் முதல் வீட்டிலிருந்து ஒரு பெயரும் இல்லாமல் தொடங்க வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

நேற்று வகுப்பில் எழுந்து இதை எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கு மோட்டாரைச் சரி பண்ணியது அருள்பாண்டி இல்லை, பாண்டிமீனா என்று. பெரிய அமைதியை எதிர்பார்த்தேன்.

ஒச்சம்மாள் சிலேட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “அது ஊருக்கே தெரியும்யா. நீ எப்பச் சொல்லுவன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மோட்டார் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் அதை யாரும் திரும்பப் பிரிக்கவில்லை.

மாமா
சோணைமுத்து